ஏற்ற வற்றத்துக்குக் கட்டுப்பட்ட வார இறுதி வீடு

2025 மே 3, சனி. ஆயர் தாவார், மலேசியா

தோட்டத்தில் சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் கிளம்பினால் கடற்கரை ஊரான லுமுட் பக்கம் போய்ச் சேர அரை மணி நேரம்தான். அங்கேதான் வார இறுதியில் தங்கும் வீடு, ஒரு படகு. ஆனால் அது கட்டியிருக்கும் ஓடையில் வற்றத்துக்கு (கடல் நீர் முழுக்க இறங்கும் நேரம்) முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தண்ணீர் போதாது. அதனால் வார இறுதித் திட்டம் ஏற்ற வற்ற அட்டவணையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபி (கடல் அளவை) மையம் வருடா வருடம் அட்டவணை போடுகிறது. அதில் லுமுட் தனியாக இருக்கிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். சனி மதியம் 3 மணிக்கு ஏற்றம் என்றால் ஞாயிறு 3.50 வாக்கில் திரும்பவும் ஏற்றம். போகவும் வரவும் வசதி. வற்றம் 3 மணிக்கு விழும் சனிக்கிழமையில் அவசரப்பட வேண்டாம். சாப்பிட்டுவிட்டு மாலையில் போகலாம்.

படகு 23 அடி, ஃபைபர்கிளாஸ், இரட்டைக் கீல் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு). நீருக்கு அடியில் இருப்பது 75 சென்டிமீட்டர். தங்குவதற்கு என்று வாங்குகிறவர்கள் இந்தக் கரையில் இரட்டைக் கீலையே பார்க்க வேண்டும். சேற்றில் உட்கார்ந்தாலும் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும். ஒற்றைக் கீல் சாய்ந்து படுத்துவிடும். பிறகு அதில் அடுப்பும் வைக்க முடியாது, பாயும் போட முடியாது. உட்கார வைக்கும் முன் நீளக் கம்பால் தரையைக் குத்திப் பார்க்க வேண்டும். பழைய நிபோங் பனைக் கம்பு சேற்றுக்குள் முறிந்து நிற்கும். படகு அதன் மேல் இறங்கினால் அடித்தட்டில் ஓட்டைதான்.

மே 4, ஞாயிறு

தண்ணீர்க் கணக்கு. குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர்; உப்பைக் கழுவ இன்னும் 5. இரண்டு பேர், ஒன்றரை நாள்: 30 லிட்டர். 20 லிட்டர் தோங் (பிளாஸ்டிக் கலன்) இரண்டு கொண்டுபோனால் கொஞ்சம் மிஞ்சும். பெரிய தோங் ஒன்றைவிட சின்னது இரண்டு நல்லது: தூக்கலாம், ஒன்றில் அழுக்கு விழுந்தாலும் மற்றது இருக்கும். தோட்டத்து ஸ்டோரில் காலி மருந்துத் தோங் சும்மா கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். புல் மருந்து நின்ற தோங்கை எத்தனை தடவை கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது.

கழிப்பறைக்கு மூடியுள்ள வாளி, உள்ளே கெட்டியான பை, மேலே செம்பனை நாற்றங்காலில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள். ஒவ்வொரு தடவையும் இரண்டு குவளை தூள் போட்டால் நாற்றம் வராது. சிறுநீரைத் தனி வாளியில் பிடிக்க வேண்டும், சேர்ந்தால்தான் நாறும்.

மே 10, சனி. விசாக நீள்விடுமுறை

திங்கள் பௌர்ணமி. ஏற்ற வற்ற வித்தியாசம் மிகப் பெரிதாகும் நாட்கள், நீரோட்ட இழுப்பும் பலமாக இருக்கும். நங்கூரக் கணக்கை இன்று எழுதியே வைக்கலாம்.

நங்கூரம் 7.5 கிலோ, சேற்றில் புதையும் தட்டை அலகு வகை. அதோடு 8 மில்லிமீட்டர் சங்கிலி 10 மீட்டர், 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு 40 மீட்டர். கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு. இருட்டில் கையால் எண்ணலாம். வற்றத்தில் ஆழம் 2.5 மீட்டர், ஏற்றத்துக்கு இன்னொரு 2.5, தண்ணீரிலிருந்து அணியம் (படகின் முன்முனை) வரை 1. ஆக 6 மீட்டர். சாதாரண இரவுக்கு ஐந்து மடங்கு, 30 மீட்டர் விட வேண்டும். காற்றுக்குப் பயமிருந்தால் ஏழு மடங்கு, 42. பலர் செய்யும் தப்பு, நங்கூரம் போடும் நேரத்து ஆழத்தை மட்டும் பார்ப்பது. வற்றத்தில் போட்ட 15 மீட்டர் கயிறு, ஏற்றத்தில் இரண்டரை மடங்குதான். நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுப் பிடுங்கிக்கொள்ளும்.

போட்டதும் இஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, பிறகு அரை வேகத்தில் 30 விநாடி இழுக்க வேண்டும். அந்த நேரம் கயிற்றில் கை வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் நங்கூரம் தரையில் உராய்ந்து வருகிறது. கல் போல இறுகி நின்றால் பிடித்துவிட்டது. கரையில் ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு கம்பமும் நேர்கோட்டில் நிற்கும்படி குறித்துக்கொண்டால், இரவில் படகு நகர்ந்ததா என்று தெரியும். இழுப்பு திரும்பும்போது படகும் சுற்றும் என்பதால் இரண்டு நிலையிலும் பார்த்து வைக்க வேண்டும். கடற்படைத் தளத்தின் பக்கமோ, பங்கோர் தீவு ஃபெரி போகும் வழியிலோ நங்கூரம் கூடாது.

மே 11, ஞாயிறு

விடியற்காலை மூன்றரைக்கு சுமத்ரா காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து வரும். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு. முதலில் காற்று சட்டென்று நிற்கும், பிறகு குளிர்ந்த வீச்சு, பிறகு மழைச் சுவர். பலமானது மணிக்கு 40 கடல் மைல் வேகத்தைத் தாண்டும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் போய்விடும்.

அந்த நேரத்தில் படகை இழுத்துக்கொண்டு போவது அலையைவிட, வெயிலுக்காக பூம் (பாயின் கீழ்க் கட்டை) மேல் கட்டிய கேன்வாஸ்தான். 3 மீட்டருக்கு 2 மீட்டர் துணி விரிந்து நின்றால் அது பாய்மரத்துப் பாய் போலத்தான் வேலை செய்யும். ஆகவே படுக்கும் முன் கேன்வாஸைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். பகலில் கட்டும்போதும் இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்; ஈரத்தில் இறுகிய முடிச்சை மழையில் அவிழ்க்க முடியாது. அணியத்தில் கயிறு உரசும் இடத்துக்குப் பழைய தண்ணீர்க் குழாயை ஒரு முழம் நீளம் வெட்டி மாட்டியிருந்தது. குழாயில் வெட்டுத் தடம், கயிற்றில் ஒன்றுமில்லை. மின்னல் சமயத்தில் பாய்மரத்தையும் அதைப் பிடிக்கும் கம்பிகளையும் தொடாமல் உள்ளே நடுவில் உட்கார வேண்டும்.

மே 12, திங்கள்

மின்சாரம். இரண்டு மின்விசிறி தலா 0.4 ஆம்பியர், 9 மணி நேரம்: 7.2. நங்கூர விளக்கு 0.2, 12 மணி: 2.4. உள்விளக்கு 2. கைப்பேசிகள் 3. ஒரு இரவுக்கு 15 ஆம்பியர்மணிக்குள். 100 ஆம்பியர்மணி ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம். மூன்று இரவு தாங்கும். 100 வாட் சோலார் தட்டு நல்ல வெயிலில் ஒரு நாளில் 25 வரை திருப்பிக் கொடுக்கும். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும்.

மின்விசிறியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சதுப்பு நிலக் கொசுவுக்கு வலை போதும். ஆனால் அகாஸ் என்ற பொடிக் கடிப்பூச்சி வலைக் கண்ணில் நுழைந்துவிடும். அதை விரட்டுவது முகத்தின் மேல் ஓடும் காற்றுதான். பக்காவ் (அலையாத்தி) மரங்களிலிருந்து தள்ளி நின்றால் தொல்லை குறையும்.

அடுப்பு: சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும், ஒரு பொறி போதும். கேன் அடுப்பென்றால் கேனைக் கழற்றி வெளியேதான் வைக்க வேண்டும். உப்புக் காற்றில் கேனின் விளிம்பு துருப்பிடிப்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் அடுப்பில் மெதுவாகத்தான் கொதிக்கும், ஆனால் கேன் வாயு கசியும் பயம் இல்லை. பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. சூடாக இருக்கும்போது ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. எந்த அடுப்பானாலும் கூரை மூடி திறந்திருக்க வேண்டும்.

மே 24, சனி

இரண்டு வாரம் மூடிக் கிடந்த கேபின். மெத்தையின் அடியில் கறுப்புப் பூஞ்சணம், தலைமாட்டில் ஒழுகிய தண்ணீர் ஒரு குவளை. தங்கும் இரண்டு நாளைவிட, தங்காத நாட்களுக்குத்தான் இந்த வீட்டில் வேலை அதிகம்.

ஒழுகல் கைப்பிடிக் கம்பியின் அடித்தட்டிலிருந்து. மேலே சீலண்ட் பூசி மூடுவது வீண். தண்ணீர் போல்ட் வழியாக உள்ளே இறங்கி, மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவிலுள்ள பால்சா மரத்தை அழுக வைக்கும். முதலில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல இடம் டக் டக் என்று கேட்கும். அழுகிய இடம் மழுங்கலாகக் கேட்கும். இன்று ஒரு உள்ளங்கை அளவுதான் மழுங்கல். போல்ட்டைக் கழற்றி, 6 மில்லிமீட்டர் ஓட்டையை 12 ஆக்கி, ஈர மரத்தைச் சுரண்டி, இரண்டு நாள் காயவிட்டு, கெட்டியாக்கிய எப்போக்சிப் பசையால் நிரப்ப வேண்டும். இறுகிய பின் நடுவில் 6 மில்லிமீட்டரில் மறுபடி துளை, பியூட்டைல் டேப் (மெத்தென்ற ஒட்டுப் பட்டை), போல்ட். டேப் பிதுங்கி நிற்கும். மூன்று தடவை, ஒவ்வொரு நாள் இடைவெளியில் முறுக்கினால் மெல்ல வழிந்து படியும். ஒரேயடியாக முறுக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

மே 31, சனி

வற்றத்தில் கெட்டி மணலில் உட்கார வைத்து அடிப்பாகம் சுரண்டியாயிற்று. நான்கு வாரத்துக்குள் கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) அரிசி அளவுக்கு வந்துவிடுகிறது. அந்த அளவில் பிளாஸ்டிக் சுரண்டி போதும். விட்டால் உளி கேட்கும், உளி பட்டால் பெயின்ட் போகும்.

ஜூன் 1, ஞாயிறு

படகைப் பூட்டிவிட்டுப் போகும் வரிசை, இன்று செய்தபடியே: இஞ்சினுக்கு நல்ல தண்ணீரில் 10 நிமிட ஓட்டம், பிறகு பெட்ரோல் குழாயைக் கழற்றி கார்புரேட்டர் காலியாகும் வரை. இஞ்சின் தூக்கி நிறுத்தல். மெத்தைகள் பக்கவாட்டில், ஒன்றோடொன்று ஒட்டாமல். அலமாரிக் கதவுகள் எல்லாம் திறந்தே. சுவருக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி. ஈரம் உறிஞ்ச கால்சியம் குளோரைடு டப்பா இரண்டு, கவிழாதபடி கழுவுதொட்டிக்குள். அரிசி, சர்க்கரை, பிஸ்கட் எல்லாம் கரைக்கு. படகைக் கட்டும் கயிறு வழியாகவே எறும்பு ஏறி வரும். அடிப்பள்ளத்தைத் துணியால் காயத் துடைத்தல். ஈரமிருந்தால் அடுத்த வாரம் வந்த தண்ணீர் புதிதா பழையதா என்று தெரியாது.

கைப்பிடி அடித்தட்டு இந்த வாரம் காய்ந்தே இருந்தது. இடப்பக்க ஜன்னல் இன்னும் சந்தேகம். அதன் கீழ் விளிம்பில் டிஷ்யூத் தாள் ஒட்டி வைத்திருக்கிறது. அடுத்த மழைக்குப் பிறகு எந்த மூலை நனைகிறது என்று பார்க்க வேண்டும்.