நைமேகன் (நெதர்லாந்து) குறிப்புகள்

மார்ச் 4
கரண்டியைப் பார்த்து "அது... அது..." என்றாளாம் அம்மா. பெயர் வாயில் வரவில்லையாம். ஆனால் கையில் எடுத்துச் சிந்தாமல் குழம்பை ஊற்றினாள் என்கிறாள் அண்ணி.

மார்ச் 6
ஆய்வகத்தில் இன்று எட்டுப் பேர். திரையில் படம் வரும், உடனே பெயர் சொல்ல வேண்டும். படம் தெரிந்து வாய் திறக்க ஏறக்குறைய 600 மில்லிசெகண்ட். நான் இருக்கும் இந்த மேக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தை 1980-இல் தொடங்கியவர் லெவெல்ட். அவரும் இண்டெஃப்ரே என்ற ஆய்வாளரும் 2004-இல் அந்த நேரத்தைப் படிப்படியாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். இன்னதென்று அடையாளம் காண 175. சொல்லைத் தேர்ந்தெடுக்க 75. ஒலிகளை எடுக்க 80. அசை கூட்ட 125. வாய்க்கு ஆயத்தம் 145. எத்தனையோ முறை படித்த கட்டுரைதான். இன்று 80-ஐத் தாண்டிப் போக முடியவில்லை.

மார்ச் 7
அம்மா எந்தப் படியில் நிற்கிறாள்?

மார்ச் 11
ஒன்று, இரண்டு என்று பத்து வரை தடையில்லாமல் சொன்னாளாம். அண்ணன் கேட்டான்: "நீ அங்க பேச்சப் பத்தித்தான படிக்கிற? எப்ப சரியாகும்னு சொல்லு." என்னிடம் பதில் இல்லை. போனை வைத்த பிறகும் காதில் அதுவே.

மார்ச் 19
இங்கே ஆய்வாளராக இருந்த பெடர்சன் 1990-களில் தமிழ்நாட்டில் செய்த ஆய்வை மறுபடி எடுத்தேன். மேசைமேல் உள்ள பொருளுக்குக்கூடக் கிராமத்தார் கிழக்கு மேற்கு என்பார்கள், நகரத்தார் இடது வலது என்பார்கள். எங்கள் வீடேதான். "வடக்கால இருக்குற சொம்ப எடு கண்ணு." அம்மா வாயில் இடது வலது நான் கேட்டதே இல்லை.

மார்ச் 24
டிக்கெட் ஏப்ரல் 9. அதற்கு முன்னால் கிடைக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு
கோடைக்காக இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். ஊருக்கும் எனக்கும் இனி மூன்றரை மணி நேரம்தான். அதுவே ஆறுதலாக இருக்கிறது.

ஏப்ரல் 2
வீடியோவில் அண்ணி சொம்பைக் காட்டி, "அத்த, இது என்னங்க?" என்றாள். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்பது விநாடி. அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் அவள் போனைப் பார்த்து முகம் சுளித்து, கையை ஆட்டி, "மேக்கால" என்றாள். தெளிவாக. அண்ணி போனை மேற்கே நகர்த்தினாள். வெளிச்சம் விழுந்து அம்மா முகம் முழுசாகத் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 3
சொம்பு இன்றும் வரவில்லை. நாளை "சொ..." என்று முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அது போதுமென்றால் சொல் உள்ளேதான் இருக்கிறது.

ஏப்ரல் 4
ஊரில் மணி பத்து. அண்ணி இன்னும் கூப்பிடவில்லை.