பந்தில போடுற மார்க்கு

எங்க திருநெல்வேலிப் பக்கம் ஒருத்தன் உருப்பட்டானா இல்லையான்னு முடிவு பண்ண ஒரு கல்யாண வீட்டு பந்தி போதும். "தம்பி எங்க வேல பாக்கிய, கவர்மெண்டா, சொந்த வீடா"ன்னு ஆரம்பிச்சு, மறுவீட்டு சாப்பாட்டுல சொதி ஊத்தி இஞ்சிப் பச்சடி வாரதுக்குள்ள மார்க் போட்டு முடிச்சிருவாவ.

நான் ஜங்ஷன் பக்கம் ஒரு மொபைல் கடைல சர்வீஸ் பாக்குதேன், டிஎன்பிஎஸ்சி குரூப் 4ம் படிக்கேன், 200 கேள்வி 300 மார்க்கு, அத நான் கொறச்சு பேசவே மாட்டேன், எங்கம்மா அதுக்குன்னே பிள்ளையாருக்கு வெளக்கு போடுதா. ஆனா கனவு என்னன்னு கேட்டா அது வேற. தாமிரபரணி தண்ணி பாயுற கொளத்துல எல்லாம் எந்தப் பறவ எந்த மாசம் வருது, எப்ப போவுதுன்னு வருசா வருசம் எழுதி வச்ச நோட்டு ஒண்ணு, என் கையெழுத்துல. பந்தில இத சொன்னா "அதுல என்னப்பா வருமானம்"னு கேப்பாவ. நியாயமான கேள்விதான், பதில் சைபர்.

சரி, இதே கணக்க நம்ம வ.உ.சி.க்கு போட்டு பாப்போம். 1872ல ஒட்டப்பிடாரத்துல பொறந்த வக்கீல், 1906ல தூத்துக்குடில சுதேசி கப்பல் கம்பெனி, ஷேரு 25 ரூவா, 40,000 ஷேரு, 10 லட்சம் மூலதனம்னு எவ்ளோ பெரிய பிளான் பாருங்க. 1908ல ராஜதுரோக கேஸு, கோயமுத்தூர் ஜெயில்ல செக்கு இழுக்க விட்டானுவ. 1911ல கம்பெனிய மூடியாச்சு, 1912ல வெளிய வந்தா கப்பலும் இல்ல, கோர்ட்ல வாதாடுறதுக்கான வக்கீல் சன்னதும் இல்ல. பந்தி மார்க்குப்படி ஆளு ஃபெயிலு.

ஆனா அந்த மனுசன் சும்மா இருந்தாரா? ஜேம்ஸ் ஆலன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், மனச எப்படி வச்சுக்கணும்னு எழுதுன புத்தகங்கள தமிழுக்கு கொண்டாந்தாரு, திருக்குறளுக்கு உரை எழுதுனாரு, தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதுன பழைய உரைய பதிப்பிச்சாரு. இப்ப ரீல்ஸ்ல ஏசி ரூம்ல உக்காந்துட்டு "எந்திரி, ஓடு"ன்னு கத்துறவிய எல்லாம் நேத்து வந்தவிய, நம்ம ஊரு செல்ஃப் ஹெல்ப்பு செக்கு இழுத்த கையால வந்தது. அவரு தியாகத்த பள்ளிக்கூடத்துலயே ஒப்பிச்சாச்சு, எனக்கு அதவிட பிடிச்சது கப்பல் போனதுக்கு அப்புறம் ஏடும் பேனாவுமா உக்காந்தாரு பாருங்க, அது. எந்தப் பந்திலயும் யாரும் கேக்காத வேல.

மோட்டிவேஷன்னு சொல்லுதாவளே, விடியக்காலைல பைக்க எடுக்கும்போது எனக்கு அது ஒரு நாளும் வந்தது கெடையாது, போர்வைய இழுத்து மூடத்தான் தோணும், கரைல போயி நின்னு நீர்க்காகம் ரெக்கைய விரிச்சு காயப் போடுறத பாத்ததுக்கு அப்புறம்தான் மோட்டிவேஷன் சார் மெதுவா வாராரு. அதனால அவர எதிர்பாக்குறத விட்டாச்சு. நோட்டும் பைனாகுலரும் ராத்திரியே பைக் சாவி பக்கத்துல வச்சிருவேன், போனா ஒரு வரியாச்சும் எழுதணும், அவ்ளோதான் சட்டம்.

கூந்தங்குளம் போயிருக்கியளா? நாங்குநேரி பக்கம். 1994ல சரணாலயம்னு அறிவிச்சாவ, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த ஊர்க்காரவிய பறவைய பாத்துக்கிட்டுதான் இருந்தாவ, வீட்டு மரத்துல நாரை கூடு கட்டுனா வெரட்ட மாட்டாவ, தீவாளிக்கு வெடி போட மாட்டாவ. இமயமல தாண்டி வரித்தலை வாத்து அங்க வந்து எறங்குது. அங்க ஒரு தாத்தாகிட்ட நல்ல வருசம்னா எதுன்னு கேட்டேன், "கொளத்துல தண்ணி நிக்கணும், குஞ்சு பறக்கணும், வேறென்னடே"ன்னாரு. வீடு கட்டியாச்சான்னு அவரு என்கிட்ட கேக்கவே இல்ல.

என்னோட அளவு இதுதான். யாராவது வந்து "போன மார்கழில இந்தக் கொளத்துல நத்தைகுத்தி நாரை இருந்துச்சா"ன்னு கேட்டா என்கிட்ட பதில் இருக்கணும். குரூப் 4 பாஸானா சந்தோசம், அதுக்காவ இத விட மாட்டேன், இதுக்காவ அதயும் விட மாட்டேன் (அம்மா வாசிச்சா இந்த வரிய மட்டும் வாசிக்கட்டும்).

வார ஞாயித்துக்கெழம விடியக்காலம் டவுண் நயினார்குளத்துக்கு போறேன், வாரவிய வாங்க மக்கா, டீ செலவு உங்களுது, பைனாகுலர் ஒண்ணுதான் இருக்கு, மாத்தி மாத்திதான் பாக்கணும்.