லுவாங்வா காட்டில் நடந்த நாட்கள்

2024 செப்டம்பர் 14, சனி

ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா. காலை ஆறு மணிக்கு முகாமிலிருந்து புறப்பட்டோம். முன்னால் துப்பாக்கியுடன் வனக்காவலர், அவருக்குப் பின் வழிகாட்டி, அடுத்து நாங்கள், கடைசியில் தேநீர்ப் பையைச் சுமந்து வரும் இளைஞர். ஒற்றை வரிசையில் செல்ல வேண்டும், பேசக் கூடாது, என்ன நேர்ந்தாலும் ஓடக் கூடாது.

நடைசஃபாரி வேரூன்றி வளர்ந்த இடம் இந்தப் பள்ளத்தாக்கு. காட்டுக்குப் போவதென்றாலே வேட்டை என்றிருந்த காலத்தில், 1950-ல், நார்மன் கார் என்ற வனவிலங்கு அதிகாரி நிசெஃபு பகுதித் தலைவரின் சம்மதத்தோடு விலங்குகளைப் பார்க்க வருவோருக்கென்றே ஒரு முகாம் அமைத்தார். வருமானம் அந்த மண்ணின் மக்களுக்குப் போயிற்று. விருந்தினரை நடத்தியே காட்டுக்குள் கூட்டிச் செல்லும் வழக்கத்தையும் பின்னர் அவரே தொடங்கினார்.

வழிகாட்டியின் கையில் சலித்த சாம்பல் நிரப்பிய சிறு துணிப்பை ஒன்று எப்போதும் இருக்கிறது. நூறடிக்கு ஒரு முறை அதை உதறுகிறார். சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம்தான் எங்கள் வாடையும் போகிறது. நாங்கள் போகும் பாதையை அந்தச் சாம்பல்தான் தீர்மானிக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று பெரும்பாலும் தரையையே பார்த்து நடந்தோம். கழுதைப்புலியின் எச்சம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறது. அது தின்ற எலும்பெல்லாம் அதில் இருக்கிறது. ஓரிடத்தில் யானையின் முன்னங்கால் தடம். வழிகாட்டி கயிற்றால் அதன் சுற்றளவை அளந்து, அதை இரு மடங்காக்கித் தூக்கிப் பிடித்தார். யானையின் தோள் உயரம் ஏறத்தாழ அவ்வளவு இருக்குமாம். கயிற்றின் நுனி என் தலைக்கு மேலே நின்றது. தடத்துக்குள் பாதத்தின் வெடிப்பு வரிகள்கூட அழியாமல் இருந்தன. அதன் ஓரத்து மணலில் குழியானை என்ற சிறு பூச்சி ஒன்று புதிதாகக் குழி பறித்திருந்தது. அப்படியானால் இது இன்றைய தடம் இல்லை என்றார்.

பிறகு புதருக்குள்ளிருந்து "கிர்ர்ர்" என்று சத்தம். எருமையின் முதுகில் உட்கார்ந்து உண்ணி கொத்தும் பறவைகள் இரண்டு மேலெழும்பின. காவலர் உடனே கை காட்டி நிறுத்தினார். எருமை கண்ணில் படவே இல்லை, ஆனால் அந்தப் பறவைகளுக்குக் கீழே ஒன்று இருந்திருக்க வேண்டும். நீண்ட சுற்றாகச் சுற்றிக்கொண்டு போனோம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்றைக்கு யானை.

ஆற்றை ஒட்டிய வேல மரங்கள் மழைக்காலத்தில் இலையுதிர்த்து, வறண்ட காலத்தில் பசுமையாக நிற்பவை. அவற்றின் முறுக்கிய காய்கள் இப்போது உதிர்கின்றன. அவற்றைப் பொறுக்க ஒரு யானைக் குடும்பம் வந்திருந்தது. பெரிய கரையான் புற்றின் மறைவில் நின்று பார்த்தோம். ஒரு குட்டி காயை எடுப்பதும் நழுவ விடுவதுமாக இருந்தது. துதிக்கை இன்னும் அதன் சொல் கேட்கவில்லை. அதன் தாய்க்குத் தந்தம் இல்லை.

ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. தந்தத்துக்காகச் சுட்டுச் சுட்டு, இல்லாதவைதான் மிஞ்சின. அவை ஈன்ற பெண் குட்டிகள் பலவற்றுக்கும் தந்தம் இல்லை. 1969-ல் இந்தப் பகுதிப் பெண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குத் தந்தம் இல்லை. 1989-ல் அது பத்தில் நான்கை நெருங்கியது. இருபது ஆண்டுகளில் ஒரு இனத்தின் முகத்தையே மனிதன் மாற்றியிருக்கிறான். நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

காற்று திரும்பியது. சாம்பல் எங்களைத் தாண்டி யானைகளை நோக்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். தாய் துதிக்கையை உயர்த்தினாள்; தலை நிமிர்ந்தது; காதுகள் விரிந்தன. பிளிறிக்கொண்டு சில எட்டு முன்னே வந்து, புழுதி பறக்க நின்றாள். வழிகாட்டி உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டி, "அப்படியே நில்லுங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். காது விரிந்திருந்தால் மிரட்டல். காதைப் பின்னால் மடக்கி, துதிக்கையைச் சுருட்டி, தலையைத் தாழ்த்தி வந்தால்தான் உண்மையான பாய்ச்சல் என்பது இங்குள்ளவர்கள் அனுபவம். அவள் எங்களைப் பார்த்தபடியே நிற்க, நாங்களும் அவளைப் பார்த்தபடியே பின்வாங்கினோம்.

எங்களில் சிலர் பூரித்துப் போனார்கள். வழிகாட்டி முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "குட்டிக்காரியைத் தொந்தரவு செய்துவிட்டோம். நாம் வந்ததே அவளுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும்" என்றார். தேநீர் நேரத்திலும் அதிகம் பேசவில்லை. அவர் மேல் எனக்கிருந்த மதிப்பு பல மடங்கானது.

செப்டம்பர் 18, புதன்

பௌர்ணமி. இரவு முழுக்கக் கூடாரத்தைச் சுற்றி நீர்யானைகள் மேய்ந்தன. உதட்டால் புல்லைப் பிய்க்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. இந்த ஆண்டு மழை பொய்த்ததால் பிப்ரவரியிலேயே நாட்டில் பேரிடர் அறிவித்தார்கள். ஆற்றில் நீர் ஒடுங்க ஒடுங்க, நீர்யானைகள் ஒரே மடுவில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. கரைச்சரிவில் மட்டும் கொண்டாட்டம்: செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் நூற்றுக்கணக்கில் வளை தோண்டுகின்றன.

செப்டம்பர் 19, வியாழன்

வற்றிய ஓடையின் மணலில் சிங்கத் தடம். விளிம்பு கலையாத புதுத் தடம். ஒரு மணி நேரம் பின்தொடர்ந்தோம். எதிர்க்கரை நிழலில் மூன்று பெண் சிங்கங்கள். ஒன்று மல்லாந்து படுத்திருந்தது. இன்னொன்று முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கின் சொரசொரப்பில் மயிர் படிவதும் எழுவதும் பைனாகுலரில் தெரிந்தது. எங்கள் பக்கம் அவை திரும்பவே இல்லை.

இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமே என்று உடன் வந்த ஒருவர் சைகையால் கேட்டார். வழிகாட்டி சாம்பல் பையை உதறிப் பார்த்துவிட்டு, தலையசைத்து மறுத்தார். வந்த தடத்திலேயே திரும்பினோம். படம் சரியாக வரவில்லை என்று கேட்டவருக்குக் குறைதான். நான் வழிகாட்டியின் கட்சி. விரட்டி எழுப்பிய சிங்கத்தை ஜீப்பிலிருந்தும் பார்க்கலாம். நம்மைப் பொருட்படுத்தாமல் தன் காலை நக்கும் சிங்கத்தைப் பார்க்க இப்படித்தான் வர வேண்டும்.

நாளை ஆற்றின் மேல்பக்கம். நிழலே இல்லாத வெளி என்பதால் ஐந்தரைக்கே கிளம்பச் சொல்லியிருக்கிறார். நீலச் சட்டை வேண்டாம் என்றும் சொன்னார். செட்சி ஈ நீலத்தைத் தேடி வந்து கடிக்குமாம்.