கூட்டாளி என்று ஒரு சொல்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக நான் செய்த பிழைகளில் ஒன்று இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு சொல்தான். கூட்டாளி.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவன் நான். ஊரில் நாளிதழ் படித்து வளர்ந்த காதுக்குக் கூட்டாளி என்றால் கொள்ளையனின் கூட்டாளி, தலைமறைவான கூட்டாளி. ‘கூட்டாளிகள் மூவர் கைது’ என்றுதான் செய்தித் தலைப்பு வரும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழருக்கோ கூட்டாளி என்றால் நண்பன். பள்ளிப் பிள்ளை பக்கத்து இருக்கைப் பையனைக் காட்டி ‘என் கூட்டாளி’ என்று சொல்லும். கோயிலுக்குத் துணை வருகிறவளைப் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். இந்த வேறுபாடு எனக்குத் தெரியாமல் இல்லை. வந்த ஆறு மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தும் தவறினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வழக்கின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓர் இரவு, ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே கைகலப்பு. ஒருவருக்கு மண்டை உடைந்தது. பிடிபட்டவர்களில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். கலகம் செய்ததாகக் குற்றச்சாட்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ பொதுவான சட்டவிரோத நோக்கத்தோடு கூடியிருக்க, அவர்களில் யாராவது ஒருவர் வன்முறையில் இறங்கினால் போதும், கூட்டத்தில் இருந்த எல்லாருமே குற்றவாளிகள் ஆகலாம். ஏழாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. அவன் கை ஓங்கினானா என்பது மட்டும் கேள்வியில்லை. அந்தக் கூட்டம் எதற்காகக் கூடியது என்பதில்தான் அவன் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் கைப்பேசியிலிருந்து எடுத்த குரல் பதிவுகளைக் கேட்டுத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர வேண்டும். என்னிடம் வந்த கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு புகைப்படம் இருந்தது. பன்னிரண்டு இளைஞர்கள் கறுப்பு டீ-ஷர்ட்டில் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். ஒவ்வொரு முதுகிலும் முறுக்கு மீசையோடு முனீஸ்வரன், ஓங்கிய கையில் அரிவாள். மேலே தீ எரிவதுபோன்ற எழுத்தில் குழுவின் பெயர். பாதிப் பேர் கைகளில் பச்சை குத்தியிருந்தது.

படத்தைப் பார்த்துவிட்டுத்தான் காதில் கருவியை மாட்டினேன்.

‘கூட்டாளிகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடு. சாமானை மறந்துவிடாதே.’ பேச்சுத் தமிழில் அவன் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். கூட்டாளிகள் என்பதற்கு ‘அக்காம்ப்ளிசஸ்’ என்று தட்டினேன், குற்றத்தில் உடந்தையானவர்கள் என்று பொருள்படும் சொல். சாமானுக்கு ‘திங்ஸ்’ என்று சரியாகத்தான் எழுதினேன். ஆனால் முந்தைய சொல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் அதுவும் ஆயுதமாகிவிட்டது. கையொப்பமிட்டு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மீதிப் பதிவுகள் வந்தன. அவற்றில் ஒன்று அவன் அம்மாவின் குரல். ‘உன் கூட்டாளிகளுக்கும் சேர்த்துத்தான் சமைத்திருக்கிறேன், எல்லாரும் நேரத்தோடு வாருங்கள்.’ என் விரல்கள் தயக்கமே இல்லாமல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று தட்டின. அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிறகுதான் கை நின்றது. அதே சொல், அதே நாள், அதே பையன்கள். அம்மா சொன்னால் நண்பர்கள், மகன் சொன்னால் உடந்தைகள். நடுவில் இருந்தது அகராதியில்லை, அந்தப் புகைப்படம். படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டிருந்தால் முதல் தடவையே சரியாக எழுதியிருப்பேன்.

அவர்கள் உறுமி மேளக் குழு. சாமான் என்று அவன் சொன்னது உறுமியையும் தவிலையும். சிங்கப்பூர் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடியோடு நடப்பவர்கள், தங்கள் குழுவின் பெயர் பொறித்த சட்டைக்காக ஆண்டு முழுக்கக் காசு சேர்ப்பவர்கள். ஊர்வலப் பாதையில் வாத்தியம் வாசிக்க 1973இல் தடை வந்தது. 2016இல் பாதையில் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது, பின்னர் இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. நம் சமூகத்திலேயே இவர்களைக் கண்டால் கைப்பையை மாற்றிப் பிடிக்கிறவர்கள் உண்டு. உறுமி என்றாலே ரவுடி என்று என் வீட்டு விருந்துமேசையில் ஒருவர் சொன்னபோது நானும் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனமும் என் மொழிபெயர்ப்பில் இருந்திருக்கிறது.

அன்றே திருத்தக் கடிதம் எழுதினேன். அன்றிரவு தூக்கம் வராமல் படித்ததுதான் அமெரிக்காவின் வெஸ்ட் மெம்ஃபிஸ் வழக்கு.

1993 மே மாதம் ஆர்கன்சா மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். ஊரே கொதித்தது. காவல்துறையின் கண் டேமியன் எக்கோல்ஸ் என்ற பதினெட்டு வயதுப் பையன் மேல் விழுந்தது. கறுப்பு உடுத்துவான், மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவின் பாட்டுகளைக் கேட்பான், மாந்திரீகம் பற்றிய புத்தகங்கள் படிப்பான். கூடவே பதினாறு வயது ஜேசன் பால்ட்வின், பதினேழு வயது ஜெஸ்ஸி மிஸ்கெல்லி. அறிவுத்திறன் குறைந்த மிஸ்கெல்லியை மணிக்கணக்கில் விசாரித்து ஒரு வாக்குமூலம் வாங்கினார்கள். அதில் பதிவானது முக்கால் மணி நேரம்தான். கொலை காலையில் நடந்தது என்றான். பிள்ளைகள் அப்போது பள்ளியில் இருந்தார்கள். கயிற்றால் கட்டினார்கள் என்றான். கட்டியிருந்தது அவர்களுடைய சொந்தக் காலணி நாடா. பிறகு அந்த வாக்குமூலத்தை அவனே மறுத்தான். எக்கோல்ஸ், பால்ட்வின் விசாரணையில் சாத்தான் வழிபாட்டு நிபுணர் என்று ஒருவர் கூண்டேறி, கறுப்பு நகச்சாயத்தையும் கறுப்புச் சட்டைகளையும் பற்றிச் சாட்சி சொன்னார். அவருடைய முனைவர் பட்டம் முறையான அங்கீகாரமில்லாத ஒரு நிறுவனம் அஞ்சல்வழியில் தந்தது. 1994இல் எக்கோல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள். பின்னாளில் செய்த மரபணுச் சோதனைகளில் மூவரோடும் பொருந்தும் தடயம் கிடைக்கவில்லை. 2011 ஆகஸ்ட் 19 அன்று, பதினெட்டு ஆண்டுகள் கழித்து, தாங்கள் நிரபராதிகள் என்று சொல்லிக்கொண்டே குற்ற ஒப்புதல் கொடுக்கும் ஒரு சட்ட ஏற்பாட்டின்படி வெளியே வந்தார்கள். ஏட்டின்படி இன்னும் குற்றவாளிகள்தான்.

அங்கே முடிவு செய்தவர்கள் பொதுமக்களான ஜூரிகள், இங்கே அந்த முறையையே 1969இல் ஒழித்துவிட்டோம், சட்டம் படித்த நீதிபதி சட்டையைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதல் விடியும்வரைகூட நிற்கவில்லை. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. அவர் கைக்குப் போன தமிழ் என்னுடையது. சட்டையைப் பார்த்தவன் நான்.

விசாரணையன்று பையன் வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்தான். கடையில் மடித்துவைத்த கோடுகள் மார்பின் குறுக்கே அப்படியே இருந்தன. கழுத்துப்பட்டியின் அடியில் ஒரு குண்டூசி. எடுக்க மறந்திருக்கிறார்கள். கையிலிருந்த பச்சையை மறைக்கத்தான் முழுக்கை. பதில் சொல்லும்போதெல்லாம் மணிக்கட்டுப் பக்கம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தான்.

தமிழிலேயே சாட்சி சொன்னான். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அந்தப் படத்தைக் காட்டி, முதுகில் இருப்பது என்ன என்று கேட்டார்.

“சாமி.”

“கையில் இருப்பது?”

“அரிவாள்.”

இதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? ‘சிக்கில்’ என்றால் புல் அறுக்கும் கருவி. அது முனீஸ்வரன் கையில் இருப்பதன் கனத்தைக் குறைத்துவிடும். நீண்ட வெட்டுக்கத்தியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘பாராங்’ என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் புரியும். கும்பல் வெட்டுக்குத்துச் செய்திகளில் வரும் சொல் அது, மன்றத்தில் விழுந்ததும் அவன் கையிலேயே ஒன்று முளைத்துவிடும். நான் ‘அரிவாள்’ என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, விளக்கம் தர நீதிபதியிடம் அனுமதி கேட்டேன். காவல் தெய்வத்தின் கையில் சிற்பங்களிலும் இருக்கும் ஆயுதம், ஆங்கிலத்தில் அதற்கு நேர்ச் சொல் இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை.

தீர்ப்பு நாளில் எனக்கு வேறு மன்றத்தில் வேலை. அவன் குற்றவாளி என்று தீர்ப்பானதாகப் பிறகு தெரிந்தது. வேறு சாட்சிகளும் இருந்தார்கள், என் திருத்தமும் கோப்பில் இருந்தது. ஆனால் மூன்று வாரம் அந்தக் கோப்பைப் படித்தவர்கள் எல்லாரும் ‘அக்காம்ப்ளிஸ்’ என்ற சொல்லோடுதான் அவனைப் படித்தார்கள். அது யார் மனதில் எவ்வளவு தங்கியது என்று கேட்க எனக்கு வழியில்லை, அவனுக்கும் இல்லை.

அதற்குப் பிறகு ஒலியைக் கேட்டு எழுதி முடிக்கும்வரை நான் கோப்பைத் திறப்பதில்லை. படங்களை உறையில் வைத்து ஒட்டித் தரச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் திருச்சியிலிருந்து வந்திருக்கும் இளம் பெண் ஒருவரைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் பயிற்சியாக நானே ஒரு வாக்கியத்தைப் பதிவுசெய்து கொடுத்தேன். அதோடு எதற்கும் தொடர்பில்லாத ஒரு படத்தையும் மேசையில் வைத்தேன்: கறுப்புச் சட்டையில் நாலு பையன்கள், முதுகில் முனீஸ்வரன். இரண்டு முறை கேட்டுவிட்டு எழுதித் தந்தார்.

‘அக்காம்ப்ளிசஸ்’ என்று இருந்தது. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொரு முறை கேட்கச் சொன்னேன்.