மாட்டிப் பார்க்காதீர்கள்: வால்வு ரேடியோ தேடிப் போன பயணம்

வால்வு ரேடியோக்கள், அதாவது டிரான்சிஸ்டருக்கு முன் வால்வு என்னும் கண்ணாடிக் குழாய்களால் ஓடிய ரேடியோக்கள், விற்கும் பழைய ரேடியோச் சந்தைக்குப் போய்விட்டு நேற்றிரவுதான் திரும்பினேன். எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அங்கே என் கண்ணெதிரே கருகிப்போன ஒரு மரப்பெட்டி ரேடியோவை விட்டு மனம் நகர மறுக்கிறது.

பேருந்துப் பயணம் ஆறு மணி நேரம்; ஜன்னல் மூடவில்லை, இருக்கை சாயவில்லை. இறங்கிய இடத்தில் ஏறிய வாடகை வண்டியின் ஓட்டுநர், பேசிய தொகையைப் போல் இரு மடங்கு கேட்டு அடாவடி செய்தார். ரேடியோவுக்கென்று மாதக்கணக்கில் சேர்த்த பணம் அது என்பதால் இன்னும் ஆறவில்லை.

உள்ளே நுழைந்ததும் அந்தக் கோபம் மறந்துபோனது. பிரிட்டனின் எக்கோ நிறுவனம் 1934-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏடி65 ரேடியோ ஒரு மேசையில் இருந்தது. வெல்ஸ் கோட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த பேக்கலைட் என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கில் வட்டமான உடல், நடுவே ஸ்பீக்கர், அதன் மேற்பாதியைச் சுற்றி அரைவட்டமாக வளைந்த டயல். ரேடியோக்கள் மர அலமாரிகளைப் போலச் செய்யப்பட்டு வந்த காலத்தில் இப்படி ஒரு வடிவத்தை எண்ணிப் பார்த்த துணிவை வியந்து அரை மணி நேரம் நின்றேன். வாங்கும் வசதி எனக்கில்லை.

அடுத்த வரிசையில்தான் அது நடந்தது. "ஓடுகிறதா?" என்று ஒருவர் கேட்டவுடன், பல ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டியை விற்பனையாளர் நேராக பிளக்கில் மாட்டினார். ஸ்பீக்கரில் கனத்த இரைச்சல் எழுந்தது, பிறகு தார் உருகும் நாற்றம், பின்பக்கத்திலிருந்து புகை. மின்சாரம் படாமல் கிடக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குள் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகம் அது) மின்சாரத்தைத் தடுத்து நிற்கும் ஆக்சைடு படலம் நலிந்துவிடுகிறது. முழு மின்னழுத்தம் பாய்ந்ததும் கண்டென்சர் ஷார்ட் ஆகி, ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு ரேடியோ, ஒரு நிமிட அவசரத்தில் போயிற்று. இதை நான் மன்னிக்க மாட்டேன்.

பக்கத்து மேசையில் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து அருகே அழைத்தார். குண்டு பல்பு ஒன்றை வரிசையில் இணைத்து அதன் வழியாக ஒரு ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்துக் காட்டினார்: பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் பெரிய கோளாறு இல்லை; பிரகாசம் குறையாமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பிறகு பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேசிஸைக் கவிழ்த்து, மெழுகு கசிந்திருந்த ஒரு காகிதக் கண்டென்சரைக் குறடு முனையால் தொட்டு, "தம்பி, முதலில் இதை மாற்று" என்றார். முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து (ஒலி மின்னலை வெளிவரும் முனை), ஸ்பீக்கரை ஓட்டும் வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் கண்டென்சர் அது. அதில் மின்கசிவு இருந்தால் கிரிட் பாசிட்டிவாகி, வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்துச் சூடேறிச் சாகும்.

கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஒரு சிறிய ஐந்து வால்வு ரேடியோவை வாங்கினேன். இந்த வகையில் சேசிஸே மின்கம்பியின் ஒரு முனையோடு இணைந்திருக்கக்கூடும் என்பதால், பின்மூடி இல்லாமல் ஓடும்போது தொடுவது உயிருக்கே ஆபத்து. திரும்பும் பேருந்தில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

மாற்ற வேண்டிய கண்டென்சர்கள் ஒன்பது; அவற்றுக்குப் பணம் அடுத்த மாதம்தான் வரும். அதுவரை வீட்டில் யாரும் ஆசைப்பட்டு மாட்டிவிடாதபடி, பிளக்கைத் துணியால் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன்.