முதல் குந்தோவும் அதன் காம்பும்

ஜப்பானிய இராணுவ வாள் ஒன்றை வாங்க முடிவு செய்தபோது, ‘குந்தோ’ என்ற ஒரே பெயருக்குள் எத்தனை வகைகள் அடங்கியிருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. தரைப்படை அதிகாரிகளுக்கு 1934இலும் 1938இலும் வந்த மாதிரிகள், கடற்படைக்கு 1937இல் வந்த மாதிரி, சார்ஜன்ட் நிலையினருக்காக 1935 முதல் இயந்திரத்தில் செய்யப்பட்ட ‘95ஆம் வகை’ என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு.

விலை குறைவு என்பதால் முதலில் 95ஆம் வகையின் மீதுதான் கண் போனது. அதில் வரிசை எண் அலகின் மீது, கைக்காப்புத் தட்டுக்கு அருகில் பொறிக்கப்பட்டிருக்கும். உறையின் வாய்ப்பகுதியிலும் அதே எண் இருந்தால், வாளும் உறையும் ஒன்றோடொன்று பிறந்தவை என்று கொள்ளலாம். எனக்குக் காட்டப்பட்ட வாளிலோ எண்கள் வரிசை தவறி, உளியால் வெட்டியவை போல ஆழம் மாறி மாறி இருந்தன. நாடா சுற்றியதுபோல் அலுமினியத்தில் வார்க்கப்பட வேண்டிய கைப்பிடி, கரைந்த சோப்பைப் போல மழுங்கியிருந்தது. போலி என்று தெரிந்து விலகிக்கொண்டேன். அந்த வெற்றியே அடுத்த தவறுக்குத் துணிவும் கொடுத்துவிட்டது.

அடுத்துப் பார்த்தது 1938ஆம் ஆண்டு மாதிரி அதிகாரி வாள். திருக்கை மீனின் தோல் போர்த்திய கைப்பிடி, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்பு நாடா, நாடாவுக்கடியில் செர்ரிப் பூக்கள் என எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த பழைய அலகை இராணுவ உறையில் பொருத்தியது என்றார் விற்றவர். அப்படிப் பொருத்தியவை உண்மையிலேயே உண்டு என்பதால் நம்பினேன். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியான காம்பின் படத்தைக் கேட்காமலேயே பணத்தைக் கொடுத்ததுதான் என் பிழை.

மூங்கில் ஆணியை மெல்லத் தட்டி எடுத்துக் கைப்பிடியை உருவியபோது, காம்பில், வாள் செய்வதற்குப் பெயர்பெற்ற ஜப்பானிய நகரமான செகியின் ஆய்வு முத்திரை இருந்தது. 1940களில் ஆலை எஃகில் அடித்த ‘ஷோவாதோ’ என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. மரபு முறையில் நீரில் தோய்த்துப் பதமேற்றிய அலகில், வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், பதமேற்றும்போது வெட்டும் விளிம்போரம் உண்டாகும் கோட்டில் பனித்துளி போன்ற நுண்ணிய படிகங்கள் மின்னும்; எண்ணெயில் தோய்த்த என் அலகில் கோடு இருந்தது, மினுக்கம் இல்லை. இராணுவம் ஏற்றுக்கொண்ட கொல்லர்கள் மரபு முறையில் செய்த வாள்களில் நட்சத்திர முத்திரை இருக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

ஜப்பானுக்கு அனுப்பி மெருகேற்றலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அங்கே கலைப்பொருளாகப் பதிவு பெறும் வாள்களை மட்டுமே தனியார் வைத்திருக்கலாம், ஷோவாதோவுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. அனுப்பியிருந்தால் வாள் திரும்பி வந்திருக்காது.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். முத்திரையை நன்றாகப் படிக்கலாமே என்று காம்பின் துருவை எண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்த்தேன். காம்பின் துருதான் வயதைச் சொல்லும் பத்திரம், அதைத் தொடவே கூடாது என்று தெரிந்தபோது கட்டைவிரல் நகத்தளவுக்கு இரும்பு வெளுத்துவிட்டிருந்தது.

திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்திருந்தேன். மீண்டும் பூட்டும்போது, கைக்காப்புத் தட்டின் இருபுறமும் வரும் மெல்லிய பித்தளை வளையங்களை ஒவ்வொன்றாக ஒளியில் பிடித்துப் பார்த்தேன். எல்லா வளையங்களிலும், தட்டிலும், ஒரே எண் பொறிக்கப்பட்டிருந்தது. முதலில் பூட்டியவர் வைத்த அதே வரிசையில் அவற்றைக் கோத்து, மூங்கில் ஆணியைச் செருகினேன். வாள் இப்போது என்னிடமே இருக்கிறது.