‘லாம்’ எங்கே, ‘வேண்டும்’ எங்கே: குரூப் 2 நாட்குறிப்பு

2025 ஜூலை 20, ஞாயிறு

செப்டம்பர் 28 டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதல்நிலைத் தேர்வு. இன்றிலிருந்து சரியாக 70 நாள். பயிலும் வட்டத்தில் வைத்த மாதிரித் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்தது. தமிழில் 100க்கு 88. கணக்கும் பரவாயில்லை. பொது அறிவு 75 கேள்வியில் 39தான் சரி. ராத்திரி உட்கார்ந்து தப்பானவற்றைத் தனியாக எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் புவியியல், சுற்றுச்சூழல், ஆட்சியியல்.

ஒரு கேள்விதான் மனசை அறுக்கிறது. கூற்று: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி குறைந்த மழையே பெறுகிறது. காரணம்: அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கத்தில் உள்ளது. இரண்டும் சரி, காரணம் சரியான விளக்கம். பாடப்புத்தகத்தில் நாலு முறை அடிக்கோடிட்ட வரி. தேர்வில் உட்கார்ந்ததும் எங்கள் ஊர் கண்ணுக்குள் வந்துவிட்டது. ஜூன் மாதம் பாபநாசம் அணையில் தண்ணீர் ஏறுகிறது, கால்வாயில் தண்ணீர் வருகிறது, கார் நெல் நடுகிறோம். அப்புறம் எப்படிக் குறைந்த மழை என்று குழம்பி, கூற்று தவறு என்று கறுப்பாக்கிவிட்டேன்.

படித்ததும் ஒட்டவில்லை, பார்த்து வளர்ந்ததும் ஒட்டவில்லை. இரண்டும் தனித்தனியாகக் கிடக்கின்றன. அதனால் ஒரு முடிவு. இந்த மூன்று பாடத்தையும் இனி எங்கள் ஊர்ப் பெரியகுளத்தை வைத்துத்தான் படிக்கப்போகிறேன். குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன வாழ்கிறது, அது யாருக்குச் சொந்தம். தினம் எழுதாவிட்டாலும் படித்த அன்று எழுதிவிட வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் அப்பாவோடு வயலுக்குப் போனேன். மேற்கே மலை முழுக்கக் கருப்பாக இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில், கூடவே சாரல்கூட இல்லாத காற்று.

“அங்க பெய்யிற மழை இங்க ஏம்ப்பா பெய்யல?”

“அது மலைக்குப் பெய்யிற மழை பிள்ள. நமக்கு ஆத்து வழியாத்தான் வரும். நம்ம மழை ஐப்பசியில கிழக்க இருந்து வரும்.”

இந்த இரண்டு வாக்கியத்தில் என் சந்தேகம் தீர்ந்தது. தென்மேற்குக் காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வந்து மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் போய் வெறும் காற்றாக இறங்குகிறது. செங்கோட்டைக் கணவாய் இருப்பதால் குற்றாலத்துக்கு மட்டும் சாரல் தப்பி வருகிறது. ஆனால் மலையின் கிழக்குச் சரிவிலும் உச்சியிலும் விழுந்த மழை தாமிரபரணியாகக் கிழக்கே ஓடுகிறது. அதாவது எங்கள் சமவெளி மழை மறைவில் இருக்கிறது, எங்கள் ஆறு மழை மறைவில் இல்லை. கார் போகம் மலையில் பெய்த மழையால் விளைவது. பிசானம் ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் இருந்து வரும் வடகிழக்குப் பருவமழையால் விளைவது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் 48 சதவீதம் அந்த மழைதான் தருகிறது.

புத்தகத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவங்கள் இருக்கின்றன. தேர்வுக்கு அதைத்தான் எழுத வேண்டும், எழுதுவேன். என் நோட்டில் மட்டும் பக்கத்தில் கார், பிசானம் என்று எழுதிக்கொண்டேன். எனக்கு அது இருந்தால்தான் மறக்காது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அம்மாவும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து அத்தையும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கிளம்பினார்கள். ஒரு நாள் படிப்பு போகிறதே என்று தயங்கினேன். போனது நல்லதாயிற்று.

பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக் கவர்களை எடுத்துவிட்டார்கள். அத்தைக்குக் கோபம். “சாமி கும்பிடப் போற இடத்துல என்னத்துக்கு இது?” என்றாள். நாம் போகிற கோயில் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது அத்தை என்று சொன்னேன். களக்காடு முண்டந்துறை, 1988இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பிறகு ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், கடைசியாக 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலை, ஆக ஐந்து. பஸ்ஸில் விரல் விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973 புலிகள் திட்டம். இதே மலைகள் 2001இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் ஆயின, 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

ஆற்றில் முங்கி எழுந்தபோது பல் கிட்டியது. கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரித் தண்ணீர். இதே தண்ணீர்தான் எங்கள் குளத்துக்கு வரும்போது பச்சையாகக் கிடக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருந்தது.

திரும்பும்போது அத்தை 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். குமரிக்கடலில் நின்ற மேலடுக்குச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அந்தப் பகுதியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டது அந்த மழையில்தான். “மாடியில ரெண்டு நாள் இருந்தோம். குளம் ஒடைஞ்ச சத்தம் குண்டு போட்ட மாதிரி கேட்டுச்சு” என்றாள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அத்தை சொன்ன அந்தச் சத்தத்தோடு சேர்த்து இனி அது நினைவில் இருக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டு வரைபடம் போட்டு முடித்தேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எங்களுக்குத் தண்ணீர் கன்னடியன் கால்வாயில் வருகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சாயங்காலம் குளக்கரை. பாதிக் குளத்தை அமலை மூடிவிட்டது. புத்தகத்தில் ஆகாயத்தாமரை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். இலைக்காம்பு பஞ்சு மாதிரி உப்பியிருக்கிறது. அமுக்கினால் காற்று புஸ்ஸென்று போகிறது, அதனால்தான் மிதக்கிறது. வேர் கருப்பாக, முடிக்கற்றை மாதிரித் தொங்குகிறது. ஒரு செடியில் இருந்து நாலு பக்கமும் கொடி ஓடி, கொடி நுனியில் குட்டிச் செடி. அதைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டால் அது தனிச் செடி. ஏன் அழிக்க முடியவில்லை என்பது கையில் வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது.

தென்னமெரிக்காவில் இருந்து வந்த அயல் இனம். சாக்கடைத் தண்ணீரும் வயலில் இருந்து வடியும் உரமும் சேரச் சேர நன்றாகக் கொழுக்கிறது. மேலே மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது, அழுகிக் கீழே விழுந்தால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், மீன் செத்து மிதக்கும். மிகையூட்டம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படம் எந்தக் கையேட்டிலும் கிடையாது.

ராம்சார் பட்டியலையும் இன்றே படித்தேன். ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரத்தில் போட்ட ஒப்பந்தம். தமிழ்நாட்டில் முதலில் சேர்ந்தது கோடியக்கரை, 2002. அப்புறம் இருபது வருடம் எதுவும் இல்லை. 2022இல் வரிசையாக வந்தன. இந்த வருடம் பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து 20 ஆகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் கூந்தன்குளம். மார்ச்சில் தோழியோடு போயிருந்தேன். ஊருக்குள் வீட்டு வாசலில் நிற்கிற மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கிறது, கீழே பாட்டி வெள்ளை எச்சத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார், விரட்டவில்லை. பறவை வருவதை ஊருக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அந்த எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம்.

எங்கள் குளத்துக்கும் முன்பெல்லாம் நாரை வருமாம். அம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வாழ்க்கையில் முதல் முறையாகக் கிராம சபையில் உட்கார்ந்தேன். 26 வயதில்! இத்தனை வருடம் இதே ஊரில் இருந்துகொண்டு, கிராம சபை என்பது அரசமைப்பின் சரத்து 243ஏ என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தேன்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். நான் 64ஆவது ஆள். எங்கள் ஊர் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் வேண்டும். பதினொன்றரை மணிக்குத்தான் எண்ணிக்கை நிறைந்தது. வந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

அமலையைப் பற்றி முதலில் பேசியது எங்கள் தெருப் பெரியம்மா. அப்பாவும் எழுந்து, மடை வரைக்கும் அடைத்துக்கொண்டது, பிசானத்துக்குத் தண்ணீர் பாயாது என்றார். தலைவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பெரியகுளத்தின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல். அப்படியானால் அது அரசுத் துறையின் குளம், 100 ஏக்கருக்குக் கீழ் இருந்தால்தான் உள்ளாட்சியின் பொறுப்பு. நம்மால் தீர்மானம் போட்டு அனுப்ப முடியும், நாமே ஆள் வைத்து எடுக்க முடியாது.

பெரியம்மா கேட்டார்: “ஊருக்கு நடுவுல கெடக்க குளம் ஊருக்குச் சொந்தமில்லையா?”

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அரசமைப்பின் பதினொன்றாவது அட்டவணை ஞாபகம் வந்தது. 29 இனங்கள், அதில் மூன்றாவது சிறுபாசனம், நீர் மேலாண்மை. அது ஊராட்சிக்கு உரிய இனம் என்றுதானே படித்தோம்? எழுந்து கேட்க வாய் வரவில்லை. தீர்மானம் எழுதி முடித்தார்கள். கேட்டிருக்கலாம் என்று இப்போது வரை உறுத்துகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டு நாளாக அரசமைப்பில் ஊராட்சிகளைப் பற்றிய ஒன்பதாவது பகுதியை ஒவ்வொரு சரத்தாக மறுபடி படித்தேன். கையேட்டில் இல்லை, சட்ட வாசகத்தையே படித்தேன். பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் வினைமுற்றில் இருக்கிறது.

நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ‘வேண்டும்’, இன்னொரு பக்கம் ‘லாம்’ என்று தலைப்பு வைத்தேன்.

‘வேண்டும்’ பக்கத்தில்: 243பி, ஊராட்சிகள் அமைக்கப்பட வேண்டும். 243டி, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் (தமிழ்நாட்டில் 2016இல் இதைப் பாதியாக உயர்த்தினார்கள்). 243ஈ, பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அது முடியும் முன் தேர்தல் முடிய வேண்டும். 243ஐ, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நிதி ஆணையம் அமைக்க வேண்டும்.

‘லாம்’ பக்கத்தில்: 243ஏ, மாநிலச் சட்டமன்றம் சட்டத்தால் தருகிற அதிகாரங்களைக் கிராம சபை செலுத்தலாம். 243எச், வரி விதிக்கும் அதிகாரத்தை அளிக்கலாம். கடைசியில் முக்கியமானது, 243ஜி. பதினொன்றாவது அட்டவணையில் உள்ள 29 இனங்கள் உட்பட, தன்னாட்சி அமைப்பாக இயங்கத் தேவையான அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிக்கு அளிக்கலாம்.

அளிக்கலாம்! சிறுபாசனம் அந்தப் பட்டியலில் இருப்பதால் மட்டும் குளம் ஊருக்கு வந்துவிடாது. சென்னையில் சட்டம் எழுதிக் கொடுத்தால் வரும். தேர்தல் நடத்துவதற்கு ‘வேண்டும்’ போட்டார்கள், அதிகாரம் கொடுப்பதற்கு ‘லாம்’ போட்டார்கள். இந்தச் சரத்துகளைச் சேர்த்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 நடைமுறைக்கு வந்தது. 32 வருடமாக எங்கள் குளம் அந்த ஒரு விகுதியில் நிற்கிறது. ஊராட்சியிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை, கன்னடியன் கால்வாயில் தலைமடை கடைமடைச் சண்டையை ஒரு ஊர் தனியாகத் தீர்க்க முடியாது. ஆனால் அமலை எடுக்கவாவது அந்த ஊருக்கு அதிகாரம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

‘வேண்டும்’ இருந்தாலே போதும் என்றும் இல்லை. சரத்து 40, கிராம ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அது வழிகாட்டு நெறி, சரத்து 37இன்படி நீதிமன்றம் மூலம் நிறைவேற்றிக்கொள்ள முடியாது. 48ஏ, சுற்றுச்சூழலைக் காக்க அரசு முயல வேண்டும். அதோடு 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்ந்தது 51ஏ(ஜி): காடுகள், ஏரிகள், ஆறுகள், வனவிலங்குகளைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “கடமை நமக்கு, கொளம் அவுகளுக்கா?” என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அத்தை போன் செய்தாள். அவள் ஊரில் கிராம சபையைத் தனி அலுவலர் நடத்தினாராம், தலைவர் எங்கே போனார் என்று கேட்டாள். இது அப்படியே 243ஈ. தூத்துக்குடி உட்பட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது, பதவிக்காலம் இந்த ஜனவரி 5உடன் முடிந்தது. புதிதாகப் பிரித்த மாவட்டங்களோடு சேர்ந்து எங்கள் திருநெல்வேலிக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. அதனால் எங்களுக்குத் தலைவர் இருக்கிறார், ஆற்றின் கீழே இருக்கும் அத்தைக்கு இல்லை.

சாயங்காலம் ஏழாவது அட்டவணை. தண்ணீர் மாநிலப் பட்டியல் 17, மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு ஒன்றியப் பட்டியல் 56, காடு 42ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போனது. காவிரிக்கு மாநிலங்களுக்கு இடையிலான ஆற்றுத் தகராறுக்கான சரத்து 262 இருக்கிறது, 1990இல் நடுவர் மன்றம் வந்தது, 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி. என்றது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. காவிரிக்கு யாரை நோக்கியாவது கை நீட்டலாம். இங்கே மலையில் இருந்து கடல் வரை எல்லாம் நாம்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாதிரித் தேர்வு. பொது அறிவு 75க்கு 57. புவியியலில் ஒன்றுதான் தப்பு. ஆட்சியியலில் 243ஜி கேள்வி வந்தது, ‘கட்டாயம் அளிக்க வேண்டும்’ என்று ஒரு விருப்பம் வைத்திருந்தார்கள். அதைத் தொடவில்லை. நிஜமாகவே தெரியாத மூன்றுக்கு ‘விடை தெரியவில்லை’ கட்டத்தைக் கறுப்பாக்கினேன். இன்னும் 21 நாள். அறிவியல்தான் இழுக்கிறது.

கார் அறுப்புக்கு இயந்திரம் நாளை வருகிறது. மத்தியானம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் ஆகஸ்ட் 15 தீர்மானத்தைப் பார்க்கக் கேட்டேன். எடுத்துக் காட்டினார்கள். அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை. தீர்மான எண்ணை நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன். அடுத்த கிராம சபை அக்டோபர் 2, அப்போது எனக்குத் தேர்வு முடிந்திருக்கும். பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குப் பேச வேண்டியதை நானே எழுதி வாசிக்கிறேன் என்று. பத்து மணிக்கே போய்விட வேண்டும்.